கன்ட்ரோலர் சூட்டைக் குறைப்பது எப்படி: 36 வோல்ட் ஹப் மோட்டார் சைக்கிளுக்கான செய்முறை

36 வோல்ட், 250 வாட் ஹப் மோட்டார் (சக்கர அச்சிலேயே இருக்கும் மோட்டார்) கிட் பூட்டிய சைக்கிளில், பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு அளந்து விடும் கன்ட்ரோலர் பெரும்பாலும் சீட்டுக்கு அடியில் ஒரு துணிப் பைக்குள்ளோ பேட்டரிப் பெட்டியின் அடித்தட்டிலோ கிடக்கும். சமதரையில் குறை எதுவும் தெரியாது. கத்திரி வெயிலில் பின்னால் ஒரு மூட்டையை வைத்துக்கொண்டு மேம்பாலம் ஏறும்போதுதான் மோட்டார் திணறும், நிற்கும். சில வாரம் கழித்து ஒருநாள் அடியோடு செத்துப்போகும். கடையில் கேட்டால் பெரிய கன்ட்ரோலர் போடச் சொல்வார்கள். அவசரப்பட வேண்டாம். கன்ட்ரோலருக்குள் மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்சான மாஸ்ஃபெட்டிலிருந்து வெளிக்காற்று வரை வெப்பம் போகும் வழியில் பல கூடுகளில் எங்கோ ஓரிடத்தில் மெல்லிய காற்று இடைவெளி அடைத்துக்கொண்டிருக்கும். அதைக் கண்டுபிடித்து மூடாமல் பெரியதை வாங்கிப் போட்டால் அதுவும் அதே பைக்குள் வேகத்தான் போகிறது.

சூடு எங்கே பிறக்கிறது

பேட்டரி ஒயரில் ஓடும் ஆம்பும் ஃபேஸ் ஒயரில் (கன்ட்ரோலரிலிருந்து மோட்டாருக்குப் போகும் மூன்று ஒயர்கள்) ஓடும் ஆம்பும் ஒன்றல்ல. மெதுவாக ஏறும்போது கன்ட்ரோலர் பேட்டரி வோல்ட்டை வெட்டி வெட்டிக் கொடுக்கிறது. 40 சதவீத நேரம் மட்டும் திறந்து வைத்தால், பேட்டரியிலிருந்து 14 ஆம்ப் வரும்போது ஃபேஸில் 35 ஆம்ப் ஓடும். மாஸ்ஃபெட்டைச் சுடுவது இந்த 35 தான். வெப்பம் ஆம்பின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும் என்பதால் இந்த வித்தியாசம் சாதாரணமானதல்ல.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மலிவான ஆறு மாஸ்ஃபெட் கன்ட்ரோலரில் அடிக்கடி இருப்பது 75என்எஃப்75 வகை. திறந்த நிலையில் அதன் தடை அதிகபட்சம் 11 மில்லி ஓம். 125 டிகிரிக்குச் சூடானால் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு, அதாவது 19 மில்லி ஓம். ஒரே நேரத்தில் இரண்டு மாஸ்ஃபெட் வழியாக மின்னோட்டம் போகிறது. 35 ஆம்பில் 45 வாட்டுக்கு மேல் வெப்பம். சமதரையில் 10 ஆம்பில் ஓடும்போது 3 வாட்டுக்குள் அடங்கிவிடும். ஒரே சைக்கிள், ஒரே கன்ட்ரோலர்; மேட்டில் மட்டும் பதினைந்து மடங்கு. அதோடு, சூடு ஏற ஏறத் தடை கூடுகிறது, தடை கூடினால் இன்னும் சூடு. கடைசி இரண்டு நிமிடத்தில் கன்ட்ரோலர் போவதற்கு இந்தச் சுழல்தான் காரணம்.

அரை த்ராட்டிலில் ஓட்டினால் கன்ட்ரோலருக்கு ஓய்வு என்று நினைப்பது தவறு. மாஸ்ஃபெட் மூடியிருக்கும் நேரத்தில் மின்னோட்டம் அதனுள் இருக்கும் டயோடு என்ற ஒருவழிப் பாதை வழியாகச் சுற்றும். அந்த நேரத்தில் எதிர் மாஸ்ஃபெட்டைத் திறந்து உதவும் வசதி பல மலிவான கன்ட்ரோலர்களில் இல்லை. டயோடில் 0.8 வோல்ட் விழுந்தால், 20 ஆம்பில், 60 சதவீத நேரம் மூடியிருந்தால், அதில் மட்டும் 9 வாட்டுக்கு மேல். மேட்டில் அரை த்ராட்டிலில் ஊர்ந்து ஏறுவது கன்ட்ரோலருக்கு மிகக் கடினமான வேலை.

கூட்டின் பக்கம் பார்ப்போம். சுமார் 85 × 50 × 30 மி.மீ. கூட்டின் மொத்தப் பரப்பு 166 சதுர செ.மீ. காற்றே அசையாத இடத்தில் இவ்வளவு பரப்பால் ஒவ்வொரு வாட்டுக்கும் சுமார் 6 டிகிரி சூடேறும். 10 வாட் தொடர்ந்தால் 60 டிகிரி ஏற்றம். வெளியே 40 என்றால் கூடு 100. ஓடும் சைக்கிளின் காற்று நேராகப் பட்டால் அதே ஏற்றம் பாதிக்கும் கீழே போகும். துணிப் பைக்குள் இதைவிட மோசம்.

முதலில் அளக்க வேண்டும்

வெப்பமானி ஒயர் செருகும் வசதியுள்ள மல்டிமீட்டர் போதும். சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர் எலெக்ட்ரானிக்ஸ் கடையிலோ கே வகை தெர்மோகப்பிள் ஒயர் தனியாகவும் கிடைக்கும். கூட்டின் பக்கவாட்டில் வரிசையாக மூன்று நான்கு திருகுத் தலை தெரியும் பக்கம்தான், மாஸ்ஃபெட்களைத் திருகிய அலுமினியப் பட்டை இருக்கும் பக்கம். அந்தத் திருகுகளுக்கு நடுவே துளி தெர்மல் பேஸ்ட் வைத்து, முனையை அழுத்தி, சூடு தாங்கும் கேப்டான் டேப்பால் ஒட்டுங்கள். அகச்சிவப்பு வெப்பமானித் துப்பாக்கி மட்டும் இருந்தால், பளபளக்கும் அலுமினியத்தை அது மிகக் குறைவாகக் காட்டி ஏமாற்றும். கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி அதன் மேல் அளக்க வேண்டும்.

ஒரே மேடு, ஒரே சுமை, ஒரே வேகம். கிளம்பும் முன் காற்றின் வெப்பத்தையும் கூட்டின் வெப்பத்தையும் குறித்துக்கொண்டு, ஏறும்போது நிமிடத்துக்கு ஒருமுறை குறியுங்கள். காற்றைவிட எத்தனை டிகிரி கூடுதல் என்பதுதான் கணக்கு. அப்போதுதான் மார்கழியில் அளந்ததையும் சித்திரையில் அளந்ததையும் ஒப்பிட முடியும்.

கூடு 60 டிகிரிக்குள் நின்றால் கவலை இல்லை. 70 என்றால் வேலை இருக்கிறது. 80ஐத் தொட்டால் அப்படியே தொடர்ந்து ஓட்டக் கூடாது. மீட்டர் இல்லாதவர்களுக்கு: ஐந்து விநாடி உள்ளங்கையை வைத்திருக்க முடிந்தால் ஏறக்குறைய 55 டிகிரிக்குள்.

இன்னொரு அளவு இருக்கிறது, அதை விடாதீர்கள். இரண்டாவது முனையைக் கூட்டுக்குள்ளே மாஸ்ஃபெட் பட்டையின் மேல் ஒட்டி, ஒயரை மூடியின் ரப்பர் வழியாக வெளியே எடுங்கள். பட்டைக்கும் கூட்டுக்கும் வித்தியாசம் 5 டிகிரிக்குள் இருந்து, கூடு கொதித்தால் குறை வெளியே: பொருத்திய இடம் சரியில்லை. பட்டை 95, கூடு 60 என்று இருந்தால் குறை உள்ளே: இரண்டுக்கும் நடுவே தொடுதல் இல்லை. இரண்டுமே குளிர்ந்திருக்க மோட்டார் நிற்கிறதென்றால் இது சூட்டுப் பிரச்சினையே இல்லை. மேட்டில் பேட்டரி வோல்ட் 31க்குக் கீழே இறங்கிக் கன்ட்ரோலர் வெட்டுகிறதா என்று பாருங்கள்.

வெளியே: இடமும் தகடும்

பையிலிருந்து வெளியே எடுப்பதுதான் செலவில்லாத பெரிய வேலை. முன்சக்கரத்துக்குப் பின்னால் சாய்ந்து வரும் குழாயின் அடிப்பக்கம் நல்ல இடம். காற்று படும், நிழலும் உண்டு. ஒயர் வரும் முனை கீழே பார்க்க வேண்டும். ஒயர்கள் கூட்டைவிட்டு இறங்கி, ஒரு வளைவு எடுத்து, பிறகு மேலே போக வேண்டும். மழைத்தண்ணீர் ஒயர் வழியாக ஊர்ந்து வந்தாலும் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும்.

கூட்டை 150 × 100 மி.மீ., 3 மி.மீ. கனமுள்ள அலுமினியத் தகட்டில் இறுக்குங்கள். தகட்டின் எடை சுமார் 120 கிராம். இதனால் இரண்டு நன்மை. வெப்பம் வெளியேறும் பரப்பு இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது. ஏறும் வெப்பத்தைத் தாங்கி வைத்துக்கொள்ளும் உலோகமும் ஏறக்குறைய இரட்டிக்கிறது. 150 கிராம் கூட்டில் 30 வாட் இறங்கினால் மூன்று நிமிடத்தில் 40 டிகிரி ஏறிவிடும். தகடு சேர்ந்தால் அதே மூன்று நிமிடத்தில் 22 அளவுக்குத்தான் ஏறும். மேம்பாலம் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும் என்பதை நினைத்துக்கொண்டால் இந்த வித்தியாசத்தின் மதிப்பு புரியும்.

தகட்டோடு சேர வேண்டியது திருகுத் தலைகள் உள்ள பக்கம். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். தலைகள் 2 மி.மீ. துருத்திக்கொண்டிருந்தால் கூடு தகட்டில் படாமல் தலைகளின் மேல் மட்டும் உட்கார்ந்திருக்கும். தலைகளுக்கு நேரே தகட்டில் 7 மி.மீ. துளைகள் போட்டு அவை உள்ளே அமரும்படி செய்யுங்கள். துளை ஓரத்துப் பிசிறை அரத்தால் நீக்கி, வெள்ளை தெர்மல் பேஸ்ட்டை மெல்லிசாகத் தடவி, இரண்டு துருப்பிடிக்காத கிளாம்ப்களால் தகட்டைக் குழாயோடு இறுக்குங்கள்.

கூட்டைப் பளபளப்பாகத் தேய்க்க வேண்டாம். கறுப்பு ஆனோடைஸ் பூச்சு வெப்பத்தைக் கதிராக வெளியேற்றுவதில் வெற்று அலுமினியத்தைவிடப் பல மடங்கு சிறந்தது. ஆனால் அதே கறுப்பு வெயிலை வாங்கவும் செய்யும், ஆகவே நிறுத்தும்போது நிழல் தேவை.

கூட்டில் காற்றுக்காகத் துளை போடுவதைச் சிலர் சொல்கிறார்கள். செய்யாதீர்கள். நம்மூர்த் தூசியும் மழைச் சேறும் ஒரே பருவத்தில் போர்டைத் தின்றுவிடும். கீழ்மூடியின் ரப்பரில், உள்ளே வேர்க்கும் ஈரம் வடிய, 2 மி.மீ. துளை ஒன்று போதும்.

உள்ளே: பட்டைக்கும் கூட்டுக்கும் நடுவே

பேட்டரியைக் கழற்றுங்கள். கெப்பாசிட்டரில் மின்னேற்றம் மிச்சமிருக்கும். 1 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டரைப் பேட்டரி ஒயர்களின் இரு முனைக்கும் நடுவே பத்து விநாடி வைத்து வடியுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் தீப்பொறி பறக்கக் குறுக்கிடுவது கெப்பாசிட்டருக்கும் கண்ணுக்கும் கேடு.

மூடித் திருகுகளையும் பக்கத் திருகுகளையும் எடுத்துப் போர்டை இழுத்தால் மாஸ்ஃபெட்கள் வரிசையாகத் திருகப்பட்ட அலுமினியப் பட்டையோடு வெளியே வரும். பட்டையின் வெளிப்பக்கத்தைப் பாருங்கள். பல கன்ட்ரோலர்களில் பேஸ்ட்டின் சுவடே இருக்காது. அல்லது நடுவில் ஒரு பொட்டு காய்ந்து கிடக்கும். 70 × 8 மி.மீ. பட்டைக்கும் கூட்டுக்கும் நடுவே முழுக்க 0.1 மி.மீ. காற்று இருந்தால் வாட்டுக்கு சுமார் 7 டிகிரி நிற்கும். அந்த இடத்தைச் சாதாரண வெள்ளைப் பேஸ்ட் நிரப்பினால் கால் டிகிரிகூட இல்லை. திருகு இருக்கும் இடத்தில் உலோகம் ஓரளவு தொடும் என்பதால் நடைமுறையில் வித்தியாசம் இவ்வளவு பெரிதாக வராது. ஆனாலும் 20 ரூபாய்ப் பேஸ்ட்டுக்கு இணையான மாற்றம் இந்த வேலையில் வேறு எதுவும் கிடையாது.

கண்ணாடித் துண்டின் மேல் 400ஆம் நம்பர் எமரித் தாளை விரித்து, பட்டையை அதில் சமமாகத் தேய்த்துத் தட்டையாக்குங்கள். போர்டோடு இருக்கும்போது தேய்த்தால் அலுமினியத் துகள் போர்டில் விழுந்து பின்னால் உயிரெடுக்கும். பட்டையைக் கழற்றித்தான் தேய்க்க வேண்டும். ஸ்பிரிட்டால் துடைத்து, பேஸ்ட்டைப் பழைய ஏடிஎம் அட்டையின் ஓரத்தால் இழுங்கள். அடியில் உலோகம் மங்கலாகத் தெரிய வேண்டும். அப்பளமாவு போலக் கெட்டியாக அப்பினால் அதுவே தடை. திருகுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு சுற்றாக இறுக்குங்கள்.

அடுத்தது மாஸ்ஃபெட்டுக்கும் பட்டைக்கும் நடுவே உள்ள காப்புத் தாள். மாஸ்ஃபெட்டின் முதுகுத் தகடு வெற்று உலோகம். மின்சுற்றின் மேல்வரிசை மூன்றிலும் அது பேட்டரி பாசிட்டிவ், கீழ்வரிசை மூன்றில் ஒவ்வொன்றும் ஒரு ஃபேஸ். காப்பு கிழிந்தால் நேரடி ஷார்ட். 0.23 மி.மீ. சாதாரண சிலிக்கான் தாள் வாட்டுக்கு 1.7 டிகிரி அளவுக்குத் தடுக்கும். 0.05 மி.மீ. மைக்காவுக்கு இருபுறமும் பேஸ்ட் தடவிப் போட்டால் பாதிக்கும் குறைவு. 0.6 மி.மீ. அலுமினா செராமிக் இன்னும் நல்லது, ஆனால் பட்டை சற்றே வளைந்திருந்தாலும் விரிசல் விடும். குலுங்கும் சைக்கிளுக்கு மைக்காவே போதும். திருகுக்கு நைலான் புஷ் மறக்கக் கூடாது. எம்3 திருகை 0.6 நியூட்டன் மீட்டருக்குள் இறுக்குங்கள். அதற்கு மேல் முறுக்கினால் முதுகுத் தகட்டின் மறுமுனை தூக்கிக்கொண்டு, சிப் இருக்கும் இடத்தில்தான் இடைவெளி விழும்.

எல்லாம் பூட்டிய பிறகு, பேட்டரி மாட்டுவதற்கு முன், மல்டிமீட்டரை மெகா ஓமில் வைத்து, கூட்டுக்கும் மூன்று ஃபேஸ், பாசிட்டிவ், நெகட்டிவ் ஒவ்வொன்றுக்கும் பாருங்கள். எதிலும் தொடர்பு காட்டக் கூடாது. காட்டினால் ஏதோ ஒரு துளையின் பிசிறு தாளைக் குத்தியிருக்கிறது.

போர்டும் ஒயரும்

போர்டின் அடியில் தடித்த செப்புத் தடங்களின் மேல் ஈயம் அப்பியிருப்பார்கள். ஈயத்தின் மின்தடை செம்பைவிட எட்டு மடங்குக்கும் மேல், அதனால் வெறும் ஈயத்தைக் கூட்டுவதில் பெரிய பலன் இல்லை. 1.5 சதுர மி.மீ. செப்புக் கம்பியைத் தடத்தின் வளைவுக்கு ஏற்ப மடித்து, 60 வாட் அயர்னால் முழு நீளத்துக்கும் பற்றவையுங்கள். பேட்டரி பாசிட்டிவ், நெகட்டிவ், மூன்று ஃபேஸ். ஆம்பை அளக்க உதவும் ஷன்ட் கம்பியை மட்டும் தொடாதீர்கள். அதன் மேல் ஈயம் ஏற்றினால் கன்ட்ரோலர் ஆம்பைக் குறைவாக எண்ணி அதிகம் விடும். வேகம் கூடியதாகத் தோன்றும், மாஸ்ஃபெட் எரியும்.

பெரிய கெப்பாசிட்டர் பட்டையில் சாய்ந்திருந்தால் மெதுவாக விலக்கி நிறுத்துங்கள். 10 டிகிரி குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும். மாற்றுவதானால் 105 டிகிரி, குறைந்த இஎஸ்ஆர் (உள்தடை), 36 வோல்ட்டுக்கு 63 வோல்ட் வகை. முழு சார்ஜில் 36 வோல்ட் பேட்டரி 42 காட்டும், 48 வோல்ட் பேட்டரி 54.6 காட்டும், இரண்டாவதற்கு 80 அல்லது 100 வோல்ட் போடுவது நல்லது.

ஒயரை நீட்ட வேண்டி வந்தால் மோட்டார் பக்கம் நீட்டுங்கள். பேட்டரிப் பக்கம் நீண்டால் ஒவ்வொரு வெட்டிலும் வரும் அலையைக் கெப்பாசிட்டரே சுமந்து தானும் சூடாகும். கனெக்டர்களையும் தொட்டுப் பாருங்கள்: தளர்ந்த புல்லட் கனெக்டரின் சூடு செம்பு வழியாக நேரே போர்டுக்குள் போகிறது. கருத்திருந்தால் வெட்டிப் புதிது போடுங்கள்.

மாஸ்ஃபெட் மாற்றுவதானால்

எல்லோரும் 4110 என்ற எண்ணுள்ள மாஸ்ஃபெட்டைத் தேடுவார்கள். 100 வோல்ட், வழக்கமாக 3.7 மில்லி ஓம், நல்ல சரக்குதான். ஆனால் அதன் கேட்டை (திறந்து மூடும் கட்டளை வாங்கும் காலை) நிரப்ப 150 நானோ கூலும் மின்னேற்றம் வேண்டும். மலிவான போர்டின் கேட் டிரைவர் அதை மெதுவாகத்தான் நிரப்பும். திறந்து மூடும் இடைவேளையில் வெப்பம் கூடி, தடையில் கிடைத்த லாபம் கரையும். 36 வோல்ட்டுக்கு 3607 பொருத்தமானது: 75 வோல்ட், அதிகபட்சம் 9 மில்லி ஓம், கேட்டுக்கு 56 நானோ கூலும் மட்டும். இரண்டு வகையிலும் 75என்எஃப்75ஐ விட மேல்.

பெயர் மாற்றி அச்சடித்த போலிகள் சந்தையில் தாராளம். பற்றவைக்கும் முன் சோதியுங்கள். கேட்டுக்கும் சோர்ஸுக்கும் 10 வோல்ட் கொடுத்து, டிரெயினிலிருந்து சோர்ஸுக்கு (மின்னோட்டம் நுழையும் காலிலிருந்து வெளியேறும் காலுக்கு) 5 ஆம்ப் விட்டு, கால்கள் உடலோடு சேரும் இடத்தில் மில்லி வோல்ட் அளந்து பாருங்கள். 4110 என்றால் 20ஐ ஒட்டி, 3607 என்றால் 37 முதல் 45க்குள். 4110இல் 50 காட்டினால் அது 4110 இல்லை. ஆறையும் ஒரே தொகுதியில் வாங்கி, ஆறையும் மாற்றுங்கள்.

செட்டிங்கும் ஓட்டும் முறையும்

கேடி வகை டிஸ்ப்ளேயில் சி5 என்ற அளவு ஆம்ப் எல்லையைக் குறைக்கும். 10 என்றால் முழு ஆம்ப், 3 என்றால் பாதி. கோடைக்கு மட்டும் ஓரிரு படி குறைத்து வைக்கலாம்.

நின்ற இடத்திலிருந்து த்ராட்டிலை முறுக்காமல் இரண்டு மூன்று மீட்டர் மிதித்துக் கிளப்புங்கள். மேட்டுக்கு முன்பே வேகம் எடுத்து, மிதித்துக்கொண்டே, வேகத்தைப் பாதிக்குக் கீழே விடாமல் ஏறுங்கள். கிட் பூட்டிய நாளிலிருந்தே சூடாகிறதென்றால் சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி ஆம்ப் பாருங்கள். சுமையில்லாமலே 3 ஆம்புக்கு மேல் இழுத்தால் ஃபேஸ் ஒயர், ஹால் ஒயர் (மோட்டாரின் நிலை சொல்லும் சென்சார் ஒயர்) ஜோடி மாறியிருக்கிறது. எத்தனை தகடு போட்டாலும் அது ஆறாது.

பேட்டரி இல்லாமலே சக்கரம் கட்டிக்கட்டி இழுத்து, ஃபேஸ் ஒயர்களைக் கழற்றியதும் லேசாகச் சுற்றினால் மாஸ்ஃபெட் ஷார்ட். டயோடு நிலையில் நெகட்டிவில் சிவப்பு முனை, ஒவ்வொரு ஃபேஸிலும் கறுப்பு முனை. பிறகு ஒவ்வொரு ஃபேஸிலும் சிவப்பு, பாசிட்டிவில் கறுப்பு. 0.4 முதல் 0.6 வரை காட்டினால் நலம், பூஜ்யம் காட்டும் இடம் போனது.

வழியில் கூடு கொதித்து நின்றுவிட்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள். உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, ரப்பர் ஓரத்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். போர்டு அன்றைக்கு ஓடி, மறுவாரம் பச்சை பிடித்துச் சாகும். நிழலில் கால் மணி நேரம் நிறுத்துங்கள், அல்லது மோட்டாரை அணைத்துவிட்டு மிதித்துப் போங்கள். போகும் காற்றிலேயே ஆறிவிடும்.